ஊசியக்காவும் முரண்டு பிடித்த கியர்பாக்ஸும்

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊசியக்காவிடம் கை நீட்டுகிறவர்கள் மட்டும் திருப்பிக்கொள்வதில்லை. ஊசி எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று தெரியாமலே வேலை முடிந்துவிடுகிறதே, கண்ணாலாவது பார்த்துவைப்போம் என்று குனிந்து பார்ப்பார்கள். வயதானவர்களின் கையில் நரம்பு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். மற்றவர்கள் இரண்டு இடத்தில் குத்திவிட்டு மூன்றாவது இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஊசியக்கா விரல் நுனியை வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். தூக்கம் வருகிறதா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பேச்சுக் கொடுப்பாள். பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில் நரம்பு தானாக எட்டிப் பார்க்கும்.

ஒரு பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. நிலையத்துக்குள் உட்கார்ந்திருப்பது குறைவு. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவள் போகிற வீட்டிலெல்லாம் யாரோ ஒருவர் வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் வந்து போனால்தான் அவருக்கு ஒரு வாய் டீ. அதனால் தாமதம் என்ற பேச்சுக்கே அவளிடம் இடமில்லை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய இடது காலின் பலத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. நடப்பாள், படியேறுவாள், பாதத்தை ஊன்றி அழுத்தத்தான் வராது. கிளட்ச் மிதித்து ஓட்டுகிற வண்டி அவளுக்குக் கிடையாது என்று அன்றைக்கே ஆகிவிட்டது. ஆகவே வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளைக் கொண்டுபோய் விட்டவர் அவளுடைய அண்ணன்.

அண்ணன் சிமெண்ட் கலவை லாரி ஓட்டியவர். லாரியை எடுக்கப் போவதற்கு முன்னால், தன்னுடைய பழைய காரில் தங்கையை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்விட்டு வருவார். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் அவள் ஏறுவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு உள்ளே கதகதப்பாக்கி வைத்திருப்பார். மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுப் படிவரைக்கும் வருவார். ஆனால் எந்த வீட்டுக்கு முதலில் போவது, எந்தச் சந்தில் திரும்புவது, எந்தக் கிழவரிடம் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. பேச்சு கொஞ்சம் நீண்டால் வெளியிலிருந்து ஹாரன் வரும். லாரிக்காரர் அடிக்கிற ஹாரன். அதைக் கேட்டதும் எட்டிப் பார்த்த நரம்பு மறுபடி உள்ளே போய்விடும்.

"அண்ணா, ஹாரன் மட்டும் அடிக்காதே" என்று அவளும் வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்தாள். அவரும் வருடக்கணக்கில் தலையாட்டினார்.

அதனால்தான், ஒரு கை மாறிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தபோது, ஊசியக்கா யாரிடமும் யோசனை கேட்காமல் வாங்கிவிட்டாள். கிளட்ச் கிடையாது, ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் மட்டும். இரண்டுக்கும் வலது கால் போதும். கியர்பாக்ஸுக்கு மட்டும் கம்பெனி கூடுதல் வாரண்டி கொடுத்திருந்தது. முதல் நாள் காலையில் தனியாகக் கிளம்பிப் போய், தனக்குப் பிடித்த வரிசையில் வீடுகளை முடித்து, கடைசி வீட்டுப் பாட்டா சொன்ன பழைய கதையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போது அவள் முகத்தைப் பார்த்த அண்ணி, "என்னம்மா, புதுசா பிறந்த மாதிரி இருக்கே" என்றாள்.

அண்ணனுக்கு அந்தக் கார் கண்ணில் விழுந்த தூசியாகத்தான் இருந்தது. கியர் போட வேண்டாத வண்டியும் ஒரு வண்டியா, அது பொம்மை என்றார். பொம்மையை ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒருநாள் ஏறியும் உட்கார்ந்தார். பின்சீட்டில் அண்ணி, மடியில் அன்றைக்குத்தான் வாங்கிய ரோஜாத் தொட்டி. தெருமுனை வரைக்கும் ஒழுங்காகப் போனது. முனையில் வேகத்தைக் குறைக்கும்போது, ஆயுள் முழுக்கக் கிளட்ச் மிதித்துப் பழகிய அவருடைய இடது கால், தன் பாட்டுக்குக் கிளட்சைத் தேடிப் போனது. அங்கே இருந்தது அகலமான பிரேக். லாரி கிளட்சை மிதிக்கிற பலத்தோடு மிதித்தார். கார் நட்டுவைத்த கம்பம் போல நின்றது. ரோஜாத் தொட்டி நிற்கவில்லை.

அண்ணி தலைமுடியிலிருந்து மண்ணை உதறிக்கொண்டே, "பொம்மை கொஞ்சம் முரட்டுப் பொம்மைதாங்க" என்றாள். அன்றோடு அண்ணன் அந்தச் சாவியைத் தொட்டதில்லை. ஊசியக்காவும் கொடுத்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் கார் நோய்ப்பட்டது.

முதலில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு சிறு நடுக்கம். பிறகு நடுக்கத்தோடு ஒரு தயக்கம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் இரையும், வண்டி நகராது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, முதுகில் யாரோ உதைத்தாற்போல முன்னால் பாயும். நாற்சந்தியின் நடுவில் ஒருநாள் அப்படி நின்றபோது, பக்கவாட்டில் வந்த பஸ்ஸின் முகப்பு விளக்கை அவள் கை நீட்டித் தொட்டிருக்கலாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே இருந்த சூப்பர்வைசர் நல்ல பிள்ளை. முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். அதில் எந்தக் குறையும் பதிவாகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளையே ஓட்டச் சொன்னான். அரை மணி நேரம் ஓட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது கார். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான். வண்டியிலிருந்து இறங்கும்போது, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

மறுமுறையும் அதே கதை. அதற்கடுத்த முறை காரை ஒருநாள் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். சமதரையான புறவழிச்சாலையில் அவர்கள் ஓட்டிப் பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லையாம். "எனக்கும் மாத்திக் குடுக்கணும்னுதான் மேடம் ஆசை. ஒண்ணு ஸ்கேனர்ல பதிவாகணும், இல்லைன்னா நான் கூட இருக்கும்போது நடக்கணும். ரெண்டும் இல்லாம எழுதி அனுப்பினா கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க" என்றான். வாரண்டி முடிய அந்த மாதம் மட்டுமே பாக்கி. அதற்குப் பிறகு கியர்பாக்ஸ் மாற்றுவதென்றால், இன்னொரு பழைய கார் வாங்குகிற செலவு.

காத்திருக்கும் அறையில்தான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அதே வகைக் காரை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் அங்கே ஒரு சங்கமாகவே கூடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கைவைத்தியம். ஏசியை அணைத்தால் சரியாகிவிடும் என்றார் ஒரு தபால்காரர். சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சினை அணைத்து அணைத்துப் போடுவதாகச் சொன்னாள் ஒரு கல்லூரி ஆசிரியை. பின்னால் வருகிறவர்கள் திட்டுகிற திட்டில் புதுச் சொற்கள் நிறையக் கற்றுக்கொண்டாளாம். மேடு இல்லாத வழியாகச் சுற்றிப் போவதற்காகவே மாமனார் வீட்டுக்குப் போவதைக் குறைத்துவிட்டதாக ஒரு தச்சர் சொன்னார். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் பேச்சு இதைப் பற்றித்தான். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டின் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். சாப்பாடு கீழே, அண்ணி கையால். ஊசியக்கா நடந்ததைச் சொல்லி முடித்ததும் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். லாரியை விட்டு ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது அவருக்கு.

"வித்துடு பாப்பா. நான் வீட்டுல சும்மாத்தானே இருக்கேன். பழையபடி கொண்டுபோய் விட்டுடறேன்."

அவர் குரலில் இருந்த ஆசையை அவள் கவனிக்காமல் இல்லை. மறுக்க வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. பக்கத்து சீட்டும், சன்னல் கண்ணாடியும், வெளியிலிருந்து வரும் ஹாரனும் மறுபடி கண்முன் வந்து நின்றன. தனக்கென்று இருக்கிற காலைப்பொழுது கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அண்ணி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அது ஏன் உன்கிட்ட நோவைக் காட்டும்? நீதான் தாங்குதாங்குன்னு தாங்கறியே" என்றாள்.

ஊசியக்காவுக்குப் புரியவில்லை. அண்ணி விளக்கினாள். கார் நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து நீ ஆக்ஸிலேட்டரைப் பாதிதான் அழுத்துகிறாய். அது தயங்கப்போகிறது என்று தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறாய். கடைக்கு உன்னோடு வரும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டுதானே வருகிறேன் என்றாள். ஊசியக்கா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒளிந்துகொண்ட நரம்புக்குக் காத்திருப்பது போலத்தான் அவள் கால் அந்தக் கியர்பாக்ஸுக்குக் காத்திருந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தபோதும், தன்னை அறியாமலே, அதன் குறையை அது காட்டிவிடாதபடி கைப்பிடித்து நடத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

"அப்ப யாரு ஓட்டறது?"

அண்ணி தாடையால் மட்டும் கணவரைக் காட்டினாள். அண்ணன் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வாரண்டியின் கடைசி வாரத்தில் மூன்று பேருமாகச் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். அண்ணியை வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். "நான் ஒருத்தி ஏறினா லோடு ஏத்தின மாதிரி. கார் நல்லாவே திணறும்" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஊசியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை மடியில் ஒன்றும் இல்லை. முன்னால் சூப்பர்வைசர். அண்ணன் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, அசையாதே என்று அதனிடம் வாய்விட்டே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கிளம்பியவர், யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். மெதுவாக ஓட்டினார்.

மெதுவாக என்றால் அப்படி ஒரு மெதுவாக. லாரியில் இருபது வருடம் தெருவை அதிரவைத்த மனுஷன், வாய்வரைக்கும் பால் நிரப்பிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் போலப் போனார். வேகத்தடையைக் கண்டால் இருபதடிக்கு முன்பே பணிந்தார். சைக்கிளில் போன ஒரு பெரியவர் அவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார். கார் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஓடியது. சூப்பர்வைசர் மடியில் இருந்த ஸ்கேனரைப் பார்ப்பதும் சன்னலைப் பார்ப்பதுமாக இருந்தான்.

அண்ணி ஊசியக்காவின் முழங்கையில் இடித்தாள். ஊசியக்காவின் மனதில் ஒரு கணம் கசப்பான எண்ணம் ஒன்று வந்தது. வேண்டுமென்றேதான் இப்படி ஓட்டுகிறாரோ? கார் தப்பித்துக்கொண்டால், நாளையிலிருந்து நான் அவருடைய காரில்தானே உட்கார வேண்டும். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். ஊசிக்குக் கை நீட்டுகிற ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவள் அவள். பயம் எது, பாசாங்கு எது என்று அவளுக்குத் தெரியும். அண்ணனின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. தங்கையின் காரைத் தன் கையால் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். ரோஜாத் தொட்டி விழுந்த நாளின் பயம். வேறொன்றும் இல்லை.

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. முன்சீட்டின் மேல் கைவைத்துக் குனிந்தாள்.

"அண்ணா, என் வண்டின்னு நினைச்சு ஓட்டாதே. உன் லாரின்னு நினைச்சு ஓட்டு."

"கெட்டுப்போயிடும் பாப்பா."

"கெட்டுத்தான் போயிருக்கு. அதை இவருக்குக் காட்டு."

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சார், இந்தத் தட்டை ரோடுல என்ன தெரியும்? தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டார். அந்த ஊரில் பாரவண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அந்த மேட்டைத் தெரியும். ஏற்றத்தின் நட்டநடுவில் யாரோ புண்ணியவான் ஒரு சிக்னலைக் கொண்டுவந்து வைத்திருந்தான். சூப்பர்வைசருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. போகலாம் என்று தலையசைத்தான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோள்கள் அகன்றன. கடைத்தெரு வழியாக, நின்று கிளம்பி நின்று கிளம்பி, ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலேட்டரைத் தரைவரைக்கும் அழுத்தி ஓட்டினார். எஞ்சின் கத்தியது. அண்ணி மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். மேட்டில் ஏறும்போது சிக்னல் சிவப்பாக இருந்தது. அதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது போலத் தெரிந்தது. பின்னால் வரிசையாக வண்டிகள் வந்து நின்றன. பச்சை விழுந்தது. அண்ணன் மிதித்தார்.

எஞ்சின் அலறியது. கார் ஒரு நடுக்கம் நடுங்கியது. கண்ணாடிகள் கடகடத்தன. நகரவில்லை. மறுபடி மிதித்தார், எங்கோ அடியில் இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் கேட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கார் பின்னோக்கி ஒரு சாண் சரியவும், அண்ணனின் இடது கால் மடக்கி வைத்த இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து பிரேக்கின் மேல் விழுந்தது. அன்றைக்கு மட்டும் அந்தக் கால் செய்தது சரியான வேலை.

"பதிவாயிடுச்சு" என்றான் சூப்பர்வைசர். ஸ்கேனரைத் தூக்கிக் காட்டினான். "கியர்பாக்ஸ் மாத்தணும்னு நானே எழுதிடறேன். போதும் சார், அணைச்சுடுங்க."

பின்னால் ஹாரன்கள் முழங்கின. அண்ணி கீழே இறங்கி, சாலையின் நடுவில் நின்று, வண்டிகளைச் சுற்றிப் போகும்படி கையைக் காட்டத் தொடங்கினாள். எரிச்சலோடு எட்டிப் பார்த்த ஒருவரிடம், இங்கே ஒரு நோயாளி படுத்திருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று சொல்வது காதில் விழுந்தது. ஊசியக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே மனசை என்னவோ செய்தது. இத்தனை நாள் அதன் குறையை மறைத்து மானத்தைக் காப்பாற்றியவளின் கண்ணெதிரில் கார் நடுத்தெருவில் நின்றுவிட்டது. அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, லாரிக்குச் செய்வது போல, ஸ்டியரிங்கை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிக்கொடுத்தார். அதை அவர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்தார்.

இழுவை வண்டி வந்து காரையும் சூப்பர்வைசரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, மூவரும் மேட்டிலிருந்து நடந்து இறங்கினார்கள். அண்ணன் அவளுடைய நடைக்கு ஏற்றபடி நடந்தார்.

"சரி. இனிமே நான் காலையில நல்லா தூங்கலாம்" என்றார்.

அவர் விடிந்த பிறகும் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. அவர் எதை விட்டுக்கொடுத்துவிட்டு நடக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. அவர் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். இறக்கத்தில் கால் வலிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

புதிய கியர்பாக்ஸ் வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் அண்ணன்தான் தன் பழைய காரில் அவளைக் கொண்டுபோய் விட்டார். எந்த வீடு முதலில் என்று அவளைக் கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கம் போகாமல், வேறொரு சந்தில் திருப்பினார். ஹாரன் அடிக்கவே இல்லை என்று சொல்ல ஆசைதான்; ஒருநாள் அடித்துவிட்டார். உள்ளே இருந்த பாட்டா, "உங்க அண்ணன் நல்லா இருக்காராம்மா? ரொம்ப நாளாச்சே சத்தம் கேட்டு" என்று சந்தோஷப்பட்டார்.

கார் திரும்பி வந்த மறுநாள் விடியற்காலையில் ஊசியக்கா குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, கேட் திறந்திருந்தது. பக்கத்தில் அண்ணன் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். தூக்கம் வரவில்லையா என்று கேட்டதற்கு, கேட் துருப்பிடித்திருக்கிறது, நீ எப்படித் திறப்பாய் என்றார். கேட்டுக்குப் போன வாரம்தான் எண்ணெய் போட்டிருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. காரைப் பின்னோக்கி எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கினாள்.

அண்ணன் குனிந்து, உள்ளே ஒருமுறை பார்த்தார். "தாங்கித் தாங்கி ஓட்டாதே பாப்பா. நல்லா அழுத்து. நோவு இருந்தா இப்பவே தெரியட்டும்."

சரி என்றாள். தெருமுனைவரைக்கும் அவள் கால் பழைய வழக்கப்படி பாதி அழுத்திப் பாதி காத்திருந்தது. முனையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பின்னால் கேட்டருகே நின்றிருந்த போர்வையையும் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு அழுத்தினாள். கார் மறுபேச்சு பேசாமல் கிளம்பியது.